காதை மூடுவதா, வகுப்பறையைச் சரிசெய்வதா?

சிமென்ட் தரை, வழவழவென்று பூசிய சுவர், திரைச்சீலை இல்லாத ஜன்னல், இரும்புக் கால் வைத்த பெஞ்ச். நம் வகுப்பறைகளில் எழும் சத்தத்தை வாங்கிக்கொள்ள ஒரு துண்டுத் துணிகூடக் கிடையாது. பாடம் நடக்கும்போது பின்னணிச் சத்தம் 35 டெசிபலைத் தாண்டக்கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 1999இல் பரிந்துரைத்தது. சாதாரணப் பேச்சே 60 டெசிபல் வரும். நாற்பது பிள்ளைகள் கோரஸாக வாய்ப்பாடு ஒப்பிக்கும் அறையில் அந்த 35க்கு என்ன மரியாதை இருக்கும்?

பெரும்பாலான பிள்ளைகள் பழகிவிடுகிறார்கள். சிலரால் முடிவதில்லை. சிறப்பாசிரியராகப் பள்ளிகளுக்குப் போகும்போது பெற்றோர் என்னிடம் கேட்பது ஒரே கேள்விதான்: "மேடம், எந்த ஹெட்ஃபோன் வாங்கலாம்?" அதற்கு முன்பு இன்னொரு கேள்வி இருக்கிறது. எந்தச் சத்தம்?

மணி, விசில், மேசையில் டஸ்டரைத் தட்டுவது என்று திடீரெனப் பெரிதாக வரும் சத்தம் வலியாகவே இறங்கும் பிள்ளைகள் உண்டு. ஆட்டிசம் உள்ள குழந்தைகளில் இதை நிறையப் பார்க்கலாம். ஹைப்பர்அக்யூசிஸ் என்பார்கள். இன்னொரு வகைக்கு மிசோஃபோனியா என்று பெயர். இதில் சத்தத்தின் அளவு பிரச்சினையே இல்லை. பக்கத்தில் ஒருத்தி சூயிங்கம் மென்றாலோ, பேனாவை டிக் டிக் என்று அமுக்கினாலோ போதும், கோபம் தலைக்கேறும். இரண்டுக்கும் ஒரே மருந்து கிடையாது. எதை வாங்குவதற்கு முன்பும் ஒரு காது மருத்துவரிடமும், கேட்கும் திறனைச் சோதிக்கும் ஆடியாலஜிஸ்ட்டிடமும் காட்டிவிடுங்கள். கேட்கும் திறன் குறைந்த சில பிள்ளைகளுக்கும் பெரிய சத்தம் தாங்கவே முடியாமல் போகும்.

சரி, கடைக்கு வருவோம்.

மலிவானது ஃபோம் இயர்பிளக். டப்பாவில் 29 டெசிபல், 33 டெசிபல் குறையும் என்று போட்டிருக்கும். அது ஆய்வகத்தில், சரியாகப் போட்டால். மெல்லிசாக உருட்டி, காதை மேலே இழுத்துப் பிடித்துச் செருகி, அது உப்பும்வரை விரலால் அழுத்திக்கொண்டிருக்க வேண்டும். மணி அடிக்க இரண்டு விநாடி இருக்கும்போது மூன்றாம் வகுப்புப் பிள்ளை இதையெல்லாம் செய்யுமா? சாக்பீஸ் கையோடு உருட்டிக் காதில் வைத்தால் காதுவலிதான் மிச்சம். அப்புறம், இது ஆசிரியர் குரலையும் சேர்த்து அமுக்கிவிடும். அதிலும் ச, ஸ போன்ற ஒலிகள்தான் முதலில் போகும். டிக்டேஷனில் அது உடனே தெரிந்துவிடும். மேல்வகுப்புப் பிள்ளைகள் தனியாக உட்கார்ந்து படிக்கும் நேரத்துக்கு இது நல்ல பொருள். பாடம் கேட்கும்போது வேண்டாம்.

அதைவிடக் கொஞ்சம் விலை கூடியது, தொழிற்சாலையில் போடும் மாதிரி காதை முழுக்க மூடும் இயர்மஃப். என் ஓட்டு பெரும்பாலும் இதற்குத்தான். கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு வேண்டும்போது ஏற்றலாம், வேண்டாதபோது இறக்கலாம். அந்த அதிகாரம் தன் கையில் இருக்கிறது என்பதிலேயே பாதி பயம் போய்விடும். பேட்டரி கிடையாது, பள்ளியில் 'எலக்ட்ரானிக் பொருள்' என்று பிடுங்கிவைக்கவும் காரணம் இல்லை. குறை இரண்டு. ஏப்ரல் வெயிலில் கரண்ட் போன வகுப்பில் காதோரம் வியர்த்து ஊற்றும். இன்னொன்று கேலி. "டேய், ஹெலிகாப்டர் பைலட்" என்று பெயர் வைத்துவிடுவார்கள். சின்ன வகுப்பில் இரண்டு நாளில் அடங்கிவிடும், எட்டாம் வகுப்பில் அடங்காது. அந்த வயதில் போட மாட்டேன் என்று பிள்ளை சொன்னால் வற்புறுத்தாதீர்கள்.

நாய்ஸ் கேன்சலிங் ஹெட்ஃபோன் பற்றித்தான் எதிர்பார்ப்பு அதிகம். விலையும் அதிகம். வெளிச்சத்தத்தை மைக்கில் பிடித்து, அதற்கு எதிரலையை உருவாக்கி அடக்குவது இதன் வேலை. ஃபேன், ஏசி, ஜெனரேட்டர், பஸ் எஞ்சின் என்று ஒரே சீராக 'ம்ம்ம்' என்று ஓடும் தாழ்ந்த ஒலியில் அது கெட்டிக்காரத்தனமாக வேலை செய்யும். விசில், மணி, சேர் இழுக்கும் கீச்சொலி என்று திடீரென வரும் உயர்ந்த ஒலியில் கோட்டைவிடும். இயர்மஃப் நேரெதிர்: கீச்சொலியை நன்றாகத் தடுக்கும், ஃபேன் இரைச்சலை அவ்வளவாகத் தடுக்காது. வகுப்பறையில் பிள்ளைகளைப் பதறவைப்பது பெரும்பாலும் கீச்சொலிதான் என்பதால், இரண்டாயிரம் மூவாயிரம் கொடுத்து இதை வாங்குவதில் எனக்கு உடன்பாடில்லை. பள்ளிப் பேருந்தில் ஒரு மணி நேரம் பயணம் என்றால் வாங்குங்கள். ரோட்டைக் கடக்கும்போது மட்டும் எதுவும் காதில் இருக்கக்கூடாது.

மிசோஃபோனியா உள்ள பெரிய பிள்ளைகளுக்கு ஃபில்டர் வைத்த பிளக் பொருந்தலாம். இசைக்கலைஞர்கள் போடும் வகை. எல்லா ஒலியையும் ஏறக்குறைய சமமாகக் குறைப்பதால் பேச்சு குழறாது, வெளியிலும் அதிகம் தெரியாது. ஆனால் சமமாகக் குறைக்கிறது என்றால் ஆசிரியர் குரலும் பக்கத்து மெல்லலும் ஒரே அளவில்தானே இறங்கும்? இரண்டுக்கும் உள்ள இடைவெளி அப்படியே இருக்கும்.

அந்த இடைவெளியைக் கூட்டுவது காதில் மாட்டும் இந்தச் சாமான்களால் முடியாது. இடத்தை மாற்றினால் முடியும். திறந்தவெளியில் தூரம் பாதியானால் குரல் 6 டெசிபல் கூடும். அறைக்குள் எதிரொலி இருப்பதால் அவ்வளவு கிடைக்காது, இருந்தாலும் வித்தியாசம் தெரியும். அதற்காக முதல் பெஞ்சில் நடுவில் உட்காரவைத்துவிடாதீர்கள். டஸ்டர் தட்டுவது அங்கேதான், வகுப்பு முழுவதும் பிள்ளையின் முதுகுக்குப் பின்னால் இருக்கும். எந்தச் சத்தம் எங்கிருந்து வரும் என்று தெரியாமல் இருப்பது இன்னும் மோசம். இரண்டாவது வரிசை, சுவரோரம், கதவுக்கும் ரோட்டுப்பக்க ஜன்னலுக்கும் தள்ளி. கொஞ்சம் தலையைத் திருப்பினால் எல்லோரும் தெரிய வேண்டும். மிசோஃபோனியா என்றால் யார் பக்கத்தில் என்பதுதான் முக்கியம், எந்த வரிசை என்பது அப்புறம்.

அடுத்து சேர், பெஞ்ச் கால்களுக்கு ரப்பர் புஷ். ஹார்டுவேர் கடையில் சில்லறைக் காசுக்குக் கிடைக்கும். கால் உருளையா சதுரமா என்று அளந்துகொண்டு போங்கள், தளர்ந்ததை வாங்கினால் ஒரு வாரத்தில் பாதி காணாமல் போயிருக்கும். மாட்டிய மறுநாளே நன்றி சொல்லப்போவது ஆசிரியர்தான், ஏனென்றால் அவரும் அந்தக் கீச்சொலியைத்தான் கத்தி ஜெயித்துக்கொண்டிருந்தார்.

மணிக்கு இருக்கும் வழி இதைவிடச் சுலபம். தொங்கவிட்ட தண்டவாளத் துண்டோ மின்சார மணியோ, எப்போது அடிக்கும் என்று முன்கூட்டியே தெரிந்தால் பிள்ளை தாங்கிக்கொள்ளும். கடிகாரத்தைப் பார்த்து ஆசிரியர் ஒரு கை காட்டினால் போதும். தண்டவாள மணி என்றால் அந்தப் பிள்ளையையே அடிக்கச் சொல்லிப் பாருங்கள். முதலில் மெதுவாகத் தட்டும். தன் கையால் எழுப்பும் சத்தம் அவ்வளவாக மிரட்டுவதில்லை.

'வெளியே போய் வரட்டும்' என்பது இன்னொரு கட்சி. ஒரு அட்டையைக் காட்டிவிட்டு நூலகத்தில் ஐந்து நிமிடம். மிதமிஞ்சிப் போகும்போது இது அவசியம்தான். தினமும் ஆறு முறை என்றால் பாடம் போய்விடும், 'டபாய்க்கிறான்' என்ற பெயரும் வந்துவிடும்.

சத்தத்துக்குப் பழக்கிவிடலாம் என்பவர்களும் இருக்கிறார்கள். காதருகே தட்டைத் தட்டிப் பழக்குவது கொடுமை. சிகிச்சையாளர் துணையோடு, பிள்ளை சம்மதிக்கும் அளவில், சிறிது சிறிதாகச் செய்வது வேறு. இதற்கு ஒரு காரணமும் இருக்கிறது. கேட்கும் திறன் சரியாக உள்ளவர்களை இரண்டு வாரம் கிட்டத்தட்ட முழுநேரமும் இயர்பிளக்கோடு இருக்கச்செய்த ஓர் ஆய்வு 2003இல் வெளியானது. கழற்றியபின் அவர்களுக்கு அதே சத்தம் முன்பைவிடப் பெரிதாகக் கேட்டது. மென்மையான இரைச்சலைத் தொடர்ந்து கேட்டவர்களுக்கு நேர்மாறாக நடந்தது. அதனால் இயர்மஃப் வாங்கினாலும் அசெம்பிளி, பி.டி. பீரியட், சத்துணவுத் தட்டுகள் மோதும் நேரம் என்று அளந்து கொடுங்கள். காலையில் மாட்டிச் சாயங்காலம் கழற்றுவது கூடாது.

பள்ளி ஒத்துழைக்க மறுத்தால், 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இருக்கிறது. பிள்ளையின் தேவைக்கேற்ப நியாயமான வசதி செய்துதர வேண்டும் என்று அதன் 16ஆம் பிரிவு சொல்கிறது. ஆட்டிசம் அந்தச் சட்டத்தின் பட்டியலில் உண்டு, மிசோஃபோனியா இல்லை. அதனால் மிசோஃபோனியா உள்ள பிள்ளைக்குச் சட்டத்தைவிட வகுப்பாசிரியரின் நல்ல மனசுதான் உதவும். ரப்பர் புஷ் பாக்கெட்டை நீங்களே வாங்கிக்கொண்டு போனால் பேச்சு சீக்கிரம் முடியும்.

பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ பிள்ளைகள் என்றால் தேர்வு அறையையும் யோசிக்க வேண்டும். தனி அறை, கூடுதல் நேரம், காதில் இயர்மஃப் என்று எது வேண்டுமென்றாலும் மருத்துவச் சான்றோடு முன்கூட்டியே கேட்டாக வேண்டும். ஜூன், ஜூலையிலேயே தலைமையாசிரியரிடம் பேச்சை எடுத்துவிடுங்கள். அரையாண்டுக்குப் பிறகு ஆரம்பித்தால், படிக்க வேண்டிய நாளெல்லாம் சான்றிதழுக்காக ஆஸ்பத்திரி வரிசையில் நிற்பதிலேயே போய்விடும்.