மணமேடைப் பட்டறையில் செதுக்கிய பாறைச் சுவர்: கிருஷ்ணகிரியிலிருந்து ஒரு மதிப்பீடு

கிருஷ்ணகிரியில் மணமேடை அலங்காரத்துக்குத் தெர்மாகோல் செதுக்கித் தரும் ஒரு பட்டறையில், எங்கள் வீட்டில் வளரும் பியர்டட் டிராகன் ஓணானின் கூண்டுக்குப் பாறை வடிவப் பின்சுவர் ஒன்றைச் செய்வித்தோம். செதுக்கு வேலைக்கு முழு மதிப்பெண் தரலாம். பூச்சு வேலையை மட்டும் அவர்களிடம் ஒப்படைக்கக் கூடாது. பட்டறையின் பெயரை இங்கே தவிர்த்திருக்கிறேன். கீழே சொல்லும் குறைகள் அந்த ஒரு பட்டறைக்கு உரியவை என்பதைவிட, ஒரு மாலை வரவேற்பைத் தாங்கினால் போதும் என்ற கணக்கில் நடக்கும் அலங்காரத் தொழிலின் பழக்கங்கள் என்பதே பொருத்தம்.

கூண்டு நான்கடி நீளம், இரண்டடி ஆழம், இரண்டடி உயரம் கொண்டது. சூடேற்றிய கம்பியால் தெர்மாகோல் பாளங்களை அறுத்து, கத்தியாலும் உப்புத்தாளாலும் உருவம் கொடுத்தார்கள். கடைகளில் ஆயத்தமாகக் கிடைக்கும் நுரைப் பின்சுவர்கள் பெரும்பாலும் தட்டையாகவே இருக்கும். பார்க்க அழகு, ஏறி உட்கார இடமில்லை. இந்தப் பட்டறைக்காரர்களோ சையத் பாஷா மலையைத் தினமும் பார்த்து வளர்ந்தவர்கள். கருங்கல் குண்டுகள் வெயிலிலும் மழையிலும் அடுக்கடுக்காகத் தோலுரிவதையும், ஒரு குண்டின் மேல் இன்னொன்று சாய்ந்து நிற்கையில் இடையில் விழும் இடுக்கையும் யாரும் சொல்லித் தராமலே கொண்டுவந்துவிட்டார்கள். கூரிய முனை எங்கும் இல்லை. விரிசல்கள் எல்லாம் வளைவாக ஓடுகின்றன. ஆஸ்திரேலியாவின் வறண்ட உட்பகுதியைச் சேர்ந்த பிராணிக்கு நம் ஊர்ப் பாறை அந்நியமாகத் தோன்றவில்லை போலும். முதல் நாளிலேயே உச்சித் திட்டைத் தனதாக்கிக்கொண்டது.

அந்த உச்சித் திட்டைப் பற்றித்தான் முதலில் எச்சரிக்க வேண்டும். தரையிலிருந்து உள்ள தூரத்தை மட்டும் அளந்து, கூண்டுக்குள் வெயிலுக்குப் பதிலாக எரியும் விளக்கை மாட்டினால், திட்டின் மேல் ஏறும் ஓணானுக்கு வெப்பமும் புற ஊதாக் கதிரும் கணக்குக்கு மேல் கிடைத்துவிடும். வெயில் காயும் பரப்பு 38 முதல் 42 டிகிரி செல்சியஸ் வரை இருந்தால் போதும் என்பதால், ஓணான் எட்டக்கூடிய மிக உயர்ந்த இடத்தில் வெப்பமானியை வைத்துத்தான் தூரத்தை முடிவு செய்ய வேண்டும். தெர்மாகோல் நீண்ட நேரம் சுமார் 80 டிகிரியைத் தாங்காமல் இளகிவிடும் என்பதால், விளக்கு எந்தப் பக்கச் சுவரையும் நெருங்கி நிற்கவும் கூடாது. பட்டறையில் இதையெல்லாம் கேட்கமாட்டார்கள். அவர்கள் பழகிய மேடையில் விளக்கு தூரத்தில் இருக்கும். சுவரின் பருமனையும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். கலைஞரின் உற்சாகத்துக்கு விட்டால் இரண்டடி ஆழத்தில் கால்பங்கைப் பாறையே தின்றுவிடும்.

இரண்டாவது குறை குண்டூசி. மேடையில் மணமக்கள் பெயர் எழுத்துகளைப் பொருத்தும் அதே பழக்கத்தில், திட்டுகளையும் குண்டூசியால் குத்தி நிறுத்தியிருந்தார்கள். அரைக்கிலோ வரை வளரும் ஓணான் குதித்து இறங்குகையில் திட்டு சற்று அசைந்தாலே ஊசி முனை வெளியே வரும். திட்டுகளை ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்தபோது ஒன்றின் அடியில் பளபளவென்று நுனி தெரிந்தது. எல்லாவற்றையும் பிடுங்கச் சொல்லி, மூங்கில் குச்சியைச் செருகி, சிலிக்கானால் ஒட்டச் சொன்னோம். முகம் சுளிக்காமல் செய்து கொடுத்தார்கள் என்பதையும் சொல்லியாக வேண்டும். சிலிக்கானிலும் கவனம் தேவை: மீன் தொட்டிக்கு உரியதை வாங்க வேண்டும், குளியலறைக்கென்று பூஞ்சைத் தடுப்பு மருந்து கலந்து விற்பதை அல்ல. இறுகும்போது எழும் புளிப்பு வாடை முற்றிலும் போன பிறகே அடுத்த வேலை. இடைவெளிகளை நிரப்ப அவர்கள் பயன்படுத்திய டப்பா நுரை, அதாவது பாலியூரித்தேன், முழுவதும் இறுகிய பின் தொல்லை தராது. ஆனால் அது காற்றின் ஈரத்தைக் கொண்டு இறுகுவது என்பதால், ஒரே இடத்தில் குவித்து அடித்தால் உள்ளே பிசுபிசுப்பு தங்கிவிடும். மெல்லிய அடுக்குகளாக அடிப்பதே முறை. கையுறையும் திறந்த ஜன்னலும் கட்டாயம்.

பூச்சுக்கு அவர்கள் எடுத்து வைத்திருந்தது ஸ்பிரே எனாமல். அதில் இருக்கும் கரைப்பான் வெறும் தெர்மாகோலை அரித்துக் குழியாக்கும். காய்ந்த பின்னும் வெப்ப விளக்கின் கீழ் வாடை எழும். அங்கேயே வேலையை நிறுத்தச் சொல்லி, சுவரை வீட்டுக்கு எடுத்து வந்துவிட்டோம். டைல்ஸ் கடைகளில் ஜாயின்ட் ஃபில்லர் என்று கேட்டால் கிடைக்கும் சிமென்ட் கிரவுட் போதும். எபாக்சி வகையும், பூஞ்சைத் தடுப்பு சேர்த்த வகையும் வேண்டாம். முதல் பூச்சு மோர் போல ஓட வேண்டும், அப்போதுதான் மணிகளுக்கு இடையிலுள்ள துளைகளில் இறங்கும். அடுத்தடுத்த பூச்சுகளைப் படிப்படியாகக் கெட்டியாக்கி, ஒவ்வொன்றின் மீதும் தண்ணீர் தெளித்துப் பதப்படுத்த வேண்டும். பதப்படாத கிரவுட் ஓணானின் நகத்துக்கே மாவாக உதிர்ந்துவிடும். நிறத்துக்குத் தரை போட உதவும் ரெட் ஆக்சைடு தூளையே கலந்தோம். சிமென்ட் கடுமையான காரத்தன்மை உடையது, இந்த ஓணானோ புதிதாகக் கண்டதையெல்லாம் நாக்கால் தொட்டுப் பார்க்கும் பிராணி. ஆகவே சுவரைப் பலமுறை கழுவி, வழிந்த நீரை மீன் வளர்ப்போர் வைத்திருக்கும் பி.எச். சோதனைக் குப்பியில் பார்த்து, குழாய்த் தண்ணீரோடு ஒத்துப்போன பிறகே கூண்டில் நிறுத்தினோம்.

இவ்வளவு பூச்சும் அழகுக்காக மட்டும் அல்ல. வெறும் தெர்மாகோலைக் கடித்து விழுங்கினால் அது குடலில் அடைத்துக்கொள்ளும். இரையாகப் போடும் புழுக்களும் பூச்சில்லாத தெர்மாகோலை விடாது: மீல்வார்ம் புழு தெர்மாகோலைத் தின்றே உயிர் வாழும் என்பதைச் சீன, அமெரிக்க ஆய்வாளர்கள் 2015-இல் வெளியிட்டார்கள். பூசாமல் விட்ட பின்பக்கத்துக்குத் தப்பிய புழுக்கள் உள்ளிருந்தே குடைந்துவிடும் என்பதால், பின்பக்கத்துக்கும் ஒரு பூச்சு கொடுத்து, கூண்டோடு சேரும் ஓரங்களைச் சிலிக்கானால் அடைப்பது நல்லது. தெர்மாகோலின் தரத்தையும் கேட்டு வாங்க வேண்டும். பட்டறைகளில் கிடப்பது பெரும்பாலும் மிக லேசான ரகம், தொட்டாலே மணி உதிரும். கன மீட்டருக்கு 20 கிலோ அல்லது அதற்கு மேல் அடர்த்தியுள்ள பாளத்தை நாமே வாங்கிக் கொடுத்துவிட்டால் செதுக்கலும் கூர்மையாக வரும். (வைகை அணை நினைவுக்கு வருபவர்கள் சிரித்துக்கொள்ளலாம், இந்தத் தெர்மாகோல் காற்றில் பறக்காது.)

ஒன்றை இடையில் சொல்லிவிடுகிறேன். கூண்டு அழகாக இருக்கிறது என்பதற்காக நட்சத்திர ஆமையையோ உடும்பையோ அதில் குடிவைக்க நினைப்பது 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி குற்றம். வெளிநாட்டு இனம் சைட்டிஸ் (அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் ஒப்பந்தம்) பட்டியலில் இருந்தால், மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்திருக்க வேண்டும்.

கூலி விஷயத்தில் குறை இல்லை. மணமேடைத் தூண் ஒன்றுக்கு வாங்குவதையே கேட்டார்கள்; எனாமல் அடிக்காத பங்கைக் கழித்தும் கொண்டார்கள். முகூர்த்த மாதங்களில் போனால் நிமிர்ந்து பார்க்கக்கூட ஆளிருக்காது. ஆடியிலோ மார்கழியிலோ, அளவு வரைந்த தாளையும் பாளத்தையும் கையோடு கொண்டுபோய், ‘செதுக்கினால் போதும், ஊசி வேண்டாம், பெயின்ட் வேண்டாம்’ என்று முதலிலேயே சொல்லிவிடுபவர்களுக்கு இந்தப் பட்டறையைத் தயங்காமல் பரிந்துரைப்பேன்.