ரூபார்ப் கிழங்கு வாங்கப் போகிறீர்களா? 48 பவுண்டைத் தொலைக்காதீர்கள்

ரூபார்ப், புளிப்பான தண்டைச் சமைத்துச் சாப்பிடுகிற செடி; கிழங்கை நட்டு வளர்ப்பார்கள். இங்கிலாந்தில் தோட்டம் போடுகிறவர்கள் இதைப் படித்துவிட்டு வாங்குங்கள். நான் வாங்கியது, செடிகளை இணையத்தில் மட்டும் விற்கிற ஒரு கடையில். ‘டிம்பர்லி எர்லி’ ரகம், மூன்று வயதுக் கிழங்கு, ஒன்று 12 பவுண்ட். நாலு வாங்கியதில் 48 பவுண்ட் போய்விட்டது.

நம்ப வைத்தது ஒரே வரி: “30 நாளில் துளிர்க்காவிட்டால் வேறு கிழங்கு இலவசம்.” அனுப்பியது நவம்பரில். நவம்பரில் ரூபார்ப் இலை மடிந்து உறங்கும். குளிர் வாங்கின பிறகு, பிப்ரவரி மார்ச்சில்தான் துளிர்க்கும். செடி கண் விழிப்பதற்குள் கெடு முடிந்துவிடும். செடி விற்கிறவர்களுக்கு இது தெரியாதா?

நட்டதில் குறையில்லை. வெயில் படும் பாத்தி, மக்கிய மாட்டெரு, செடிக்குச் செடி 90 செ.மீ., மொட்டு மண் மட்டத்தில். ஏப்ரல் வந்தும் ஒன்றுகூட அசையவில்லை. தோண்டிப் பார்த்தால் மொட்டு இருந்த இடத்தில் விரல் புதைகிறது. குறுக்கே வெட்டினால், மஞ்சளாய்க் கெட்டியாய் இருக்க வேண்டிய சதை பழுப்புக் கூழ். கிழங்கழுகல்! இதற்கு மருந்தே கிடையாது.

கடைக்குப் புகார் எழுதினேன். முதல் பதில்: “பொறுங்கள், தாமதமாக வரும்.” அடுத்தது: “தண்ணீர் அதிகம் விட்டிருப்பீர்கள்.” அதே பாத்தியில் ‘விக்டோரியா’ ரகத்து என் பழைய ரூபார்ப் செடி குடை விரித்த மாதிரி நிற்கிறதே! வெட்டின கிழங்கைப் படமெடுத்து அனுப்பினால், “30 நாள் டிசம்பரிலேயே முடிந்தது” என்கிறார்கள். ஆறு மாதத்துக்குள் தெரியும் குறை பொதுவாக வாங்கும்போதே இருந்ததாகக் கொள்ளப்படும், இல்லையென்று காட்ட வேண்டியது விற்றவர்தான் என்று 2015 நுகர்வோர் உரிமைச் சட்டத்தைச் சுட்டி எழுதினேன். அதற்குப் பதிலே இல்லை. 48 பவுண்ட்!

அவசரமாகச் சில: பார்சலை அன்றே பிரித்து, ஒவ்வொரு மொட்டையும் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். மெத்தென்றிருந்தால் நடாதீர்கள், படமெடுத்து உடனே திருப்பி அனுப்புங்கள். உத்தரவாதம் மே மாதம் வரையாவது ஓட வேண்டும். இல்லையென்றால் வசந்தத்தில் இலையோடு தொட்டியில் நிற்கிற செடியை நேரில் பார்த்து வாங்குங்கள். முதல் வருடம் தண்டு பறிக்காதீர்கள்.

அழுகினதை உரக்குழியில் போட வேண்டாம். அது அழுகின இடத்தில் மறுபடி ரூபார்ப் நடவும் வேண்டாம். எனக்கு அந்தப் பாத்தியும் போயிற்று.