நியூயார்க்கில் பெற்றோருக்காக வாதாடும் குழுக்கள்: ஒரு சேவை மதிப்பீடு

பிள்ளையைச் சரிவரப் பேணவில்லை என்று நகரக் குழந்தைகள் நலத் துறை வழக்குத் தொடுக்கும்போது, வசதியற்ற பெற்றோருக்கு இலவச வழக்கறிஞரை நியமிக்க வேண்டும் என்று நியூயார்க் மாநிலத்தின் மிக உயர்ந்த நீதிமன்றம் 1972-ஆம் ஆண்டிலேயே தீர்ப்பளித்துவிட்டது. அமெரிக்க உச்ச நீதிமன்றமோ 1981-இல், லாசிட்டர் வழக்கில், இதை எல்லாப் பெற்றோருக்குமான அரசியலமைப்பு உரிமையாக ஏற்க மறுத்தது. அந்த வகையில் நியூயார்க் பெற்றோர் முன்னரே பாதுகாப்புப் பெற்றவர்கள்தாம். ஆயினும் நெடுங்காலம் அவர்களுக்குக் கிடைத்தவர், நீதிமன்றப் பட்டியலிலிருந்து நியமிக்கப்பட்டுத் தனியாளாக உழைத்த வழக்கறிஞரே. அவருக்கான கட்டணம் 2004-இல் மணிக்கு 75 டாலர் என நிர்ணயிக்கப்பட்டு, பதினெட்டு ஆண்டுகள் அசையாமல் நின்றது. தனியாளால் செய்ய முடியாமற்போனவற்றுக்கு அவர்மேல் குறை சொல்வது நியாயமாகாது.

2007-இல் இத்தகைய பெற்றோருக்காக வாதாட நகரம் சில சட்ட அலுவலகங்களோடு ஒப்பந்தம் செய்த பிறகு வந்த மாற்றத்தையே நான் மதிப்பிடுகிறேன். பிராங்ஸ் டிஃபெண்டர்ஸ், சென்டர் ஃபார் ஃபேமிலி ரெப்ரசென்டேஷன் போன்ற அலுவலகங்களில் ஒரு தாய்க்கு வழக்கறிஞர் மட்டுமின்றிச் சமூகப் பணியாளரும், தாமே இத்தகைய வழக்கைக் கடந்து வந்த ஒரு பெற்றோர் துணைவரும் கிடைக்கிறார்கள். இவ்வழக்குகளில் பெரும்பாலானவை அடி, உதை பற்றியவை அல்ல. வீட்டு வசதி, சிகிச்சை, பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆளில்லாமை ஆகிய வறுமைச் சிக்கல்கள் அவற்றில் பின்னிக் கிடக்கின்றன. ஆதலால் நீதிமன்றத்தில் வாதாடுவது பாதி வேலை. தங்க இடமும் சிகிச்சைக்கு நாளும் பெற்றுத் தருவது மறுபாதி. துறை பிரித்துச் சென்ற பிள்ளையைத் திருப்பித் தரக் கோரி மனுச் செய்தால் மூன்று நீதிமன்ற நாட்களுக்குள் விசாரணை தொடங்க வேண்டும் என்பது சட்டம். பிரிப்பதாலேயே பிள்ளைக்கு நேரும் தீங்கையும் நீதிபதி எடைபோட வேண்டும் என்று 2004-இல் தீர்ப்பும் வந்தது. அந்த மூன்று நாட்களுக்குள் பாட்டி வீட்டைப் பார்த்து, மருத்துவரிடம் பேசி, மாற்றுத் திட்டத்தோடு நீதிபதி முன் நிற்பது ஒற்றை ஆளால் ஆகிற காரியமல்ல.

பலன் அளக்கப்பட்டுள்ளது. 2019-இல் வெளியான ஆய்வொன்று 9,582 குடும்பங்களின் வழக்குகளை ஒப்பிட்டது. குழு அலுவலகங்கள் வாதாடிய பெற்றோரின் பிள்ளைகள், தனி வழக்கறிஞர்கள் வாதாடிய பெற்றோரின் பிள்ளைகளைவிட, வழக்குத் தொடங்கிய நான்கு ஆண்டுகளில், பெற்றோரைப் பிரிந்து பிறர் பொறுப்பில் வளரும் வளர்ப்புப் பராமரிப்பில் சராசரியாக 118 நாட்கள் குறைவாக இருந்தார்கள். அதனால் அவர்களின் பாதுகாப்புக்குக் குறை நேர்ந்ததாகவும் தெரியவில்லை. நூற்றுப் பதினெட்டு நாட்கள் என்பது மூன்று வயதுப் பிள்ளைக்கு எவ்வளவு நீண்ட காலம் என்பதைப் பெற்றவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

குறைகளும் உண்டு. தாயின் நலனும் தந்தையின் நலனும் மோதக்கூடும் என்பதால் ஓர் அலுவலகம் ஒருவருக்காகவே வாதாடும். மற்றவர் பெரும்பாலும் பழைய பட்டியலுக்கே போகிறார். இதைவிட என்னை வருத்துவது வேறொன்று. நியமன உரிமை வழக்குப் பதிவான பிறகே தொடங்குகிறது. விசாரணை அதிகாரியோ அதற்குப் பல வாரங்கள் முன்பே கதவைத் தட்டிவிடுகிறார். இந்த அலுவலகங்கள் அக்கட்டத்திலேயே ஆலோசனை தருவதால், நகரின் குயின்ஸ் பகுதியில் வாழும் தமிழ்க் குடும்பங்கள் உட்பட எவரும் முதல் அழைப்பை அங்கேதான் செய்ய வேண்டும். மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று அப்போதே கேட்டுவிடுவதும் நல்லது.