ரயனா, பீவரா? மூன்று போர்க்களங்கள், ஆளுக்கு மூன்று புத்தகங்கள்

இரண்டாம் உலகப் போரைப் பற்றிப் படிக்க ஒரு புத்தகம் சொல்லுங்கள் என்று யாராவது கேட்டால், பதிலுக்கு நான் ஒரு கேள்வி கேட்பேன். அந்த ஒரு நாள் எப்படி இருந்தது என்று தெரிய வேண்டுமா, அந்த நாளுக்கு முன்னும் பின்னும் நடந்ததும் சேர்த்து வேண்டுமா? முதலாவது என்றால் கார்னீலியஸ் ரயன். இரண்டாவது என்றால் ஆன்டனி பீவர்.

ரயன் 1920இல் டப்ளினில் பிறந்தவர். போர்ச் செய்தியாளராக இருந்துவிட்டு அமெரிக்காவில் குடியேறியவர். பீவர் 1946இல் பிறந்த ஆங்கிலேயர். ராணுவ அதிகாரி வேலையை விட்டுவிட்டு எழுத வந்தவர். இருவரையும் ஒப்பிடுவது சுலபம், ஏனென்றால் ரயன் எழுதிய மூன்று பெரிய போர் நூல்களின் களங்களையும் பீவர் ஒன்று விடாமல் திரும்ப எழுதியிருக்கிறார். நார்மண்டி: ரயன் 1959, பீவர் 2009. பெர்லின்: 1966, 2002. ஆர்ன்ஹெம்: 1974, 2018.

பீவர் பிந்தி எழுதியவர், அதனால் அவர் புத்தகம்தான் சரியாக இருக்கும் என்று சொல்பவர்கள் உண்டு. ரயன் கதை சொல்லி, பீவர் வரலாற்றாசிரியர் என்று பிரிப்பவர்களும் உண்டு. இரண்டுமே பாதி சரி. இருவருக்கும் சரக்கு எங்கிருந்து வந்தது என்று பார்த்தால்தான் வித்தியாசம் பிடிபடும்.

நார்மண்டியில் ஆரம்பிக்கலாம். 1944 ஜூன் 6 அன்று நேச நாட்டுப் படைகள் கடல் தாண்டி வந்து இறங்கிய பிரெஞ்சுக் கடற்கரை அது; அந்த நாளுக்குத்தான் டி-டே என்று பெயர். ரயனின் 'தி லாங்கஸ்ட் டே' என்ற தலைப்பு, ஜெர்மன் தளபதி ரோம்மெல் தன் உதவியாளரிடம் சொன்ன வார்த்தையிலிருந்து வந்தது. முதல் 24 மணி நேரத்திலேயே முடிவு தெரிந்துவிடும், இரு தரப்புக்கும் அது மிக நீண்ட நாளாக இருக்கும் என்றார் அவர். புத்தகமும் அந்த ஒரு நாளை விட்டு அதிகம் நகராது. காத்திருப்பு, இரவு, பகல் என்று மூன்றே பாகங்கள். லா ரோஷ்-குயோன் என்ற சிறிய பிரெஞ்சு ஊரில் தலைமையகம் வைத்திருந்த ரோம்மெல், வானிலை மோசமாக இருக்கிறது, இப்போதைக்கு யாரும் கடலைக் கடக்கமாட்டார்கள் என்று நம்பி 1944 ஜூன் 4 அன்று காரில் ஊருக்குக் கிளம்புகிறார். ஜூன் 6 அவர் மனைவியின் பிறந்தநாள். பாரிஸில் வாங்கிய ஒரு ஜோடி ஷூ கூடவே போகிறது. ஐரோப்பாவின் தலையெழுத்தை இப்படி ஒரு ஷூ பெட்டியோடு தொடங்க ரயனுக்குத்தான் வரும்.

இந்த மாதிரித் தகவல் எந்த ராணுவக் கோப்பிலும் இருக்காது. ரயன் பத்திரிகைகளில் விளம்பரம் கொடுத்தார்: ஜூன் 6 அன்று அங்கே இருந்தீர்களா? பதில் போட்டவர்களுக்குக் கேள்வித்தாள் போனது. எங்கே, எத்தனை மணிக்கு இறங்கினீர்கள், டைரி எழுதினீர்களா, சோகமோ வீரமோ, மறக்க முடியாத சம்பவம் ஏதாவது உண்டா. அப்புறம் நூற்றுக்கணக்கானவர்களை நேரிலும் சந்தித்தார்கள். ரீடர்ஸ் டைஜஸ்ட் பத்திரிகையின் ஆதரவு இல்லாமல் இவ்வளவு பெரிய தேடல் நடந்திருக்காது. சண்டை முடிந்து பதினைந்து வருஷம்கூட ஆகாத நேரம் அது. சண்டைக்குப் போனவர்களில் பலர் முப்பதுகளில்தான் இருந்தார்கள். ஞாபகம் இன்னும் பாடமாகி இறுகவில்லை.

ஆனால் இதிலேயே ஒரு ஓட்டை இருக்கிறது. செத்தவன் கேள்வித்தாளை நிரப்பமாட்டான். கைதியைச் சுட்டவனும் நிரப்பமாட்டான், நிரப்பினாலும் அதை எழுதமாட்டான். ரயனின் நார்மண்டியில் ஆட்கள் பயப்படுகிறார்கள், உளறுகிறார்கள், திசை தெரியாமல் அலைகிறார்கள், அபாரமாகச் சண்டை போடுகிறார்கள். அசிங்கமாக எதையும் செய்வது அபூர்வம்.

பீவரின் 'டி-டே' இந்த ஓட்டை வழியாகத்தான் உள்ளே நுழைகிறது. கடற்கரைச் சண்டையை முதல் பகுதியிலேயே முடித்துவிட்டு, ஆகஸ்ட் 25 அன்று பாரிஸ் விடுதலை ஆகும்வரை போகிறார். இடைப்பட்ட அந்த இரண்டரை மாதம்தான் புத்தகத்தின் உயிர். பொக்காஜ் என்னும், மண்மேடு எடுத்து அடர்வேலி போட்ட வயல்கள். ஒரு வயலைப் பிடித்தால் அடுத்த வேலிக்குப் பின்னால் இன்னொரு இயந்திரத் துப்பாக்கி காத்திருக்கும். இரு தரப்பும் கைதிகளைக் கொன்றதை அவர் மறைப்பதில்லை. கான் நகரத்தின்மீது நேச நாட்டு விமானங்கள் போட்ட குண்டுகளில் யார் செத்தார்கள் என்றும் கேட்கிறார். நார்மண்டியை விடுவித்த அந்தச் சில மாதங்களில் இறந்த பிரெஞ்சுப் பொதுமக்கள் சுமார் 20,000 பேர். ரயனைப் படித்து முடிக்கும்போது இந்த எண் நம் தலையில் இருக்காது.

சரி, பீவரிடம் குறையே இல்லையா? உண்டு. ஓர் ஆளைக் காட்டுவார், இரண்டு வாக்கியத்தில் அவனைக் கொன்றுவிடுவார், அடுத்த பத்தியில் வேறு டிவிஷனுக்குப் போய்விடுவார். அறுபதாம் பக்கத்துக்குமேல் எனக்குப் படைப்பிரிவு எண்கள் குழம்ப ஆரம்பித்தன. கைபேசியில் படித்தால் வரைபடங்கள் கண்ணுக்கே தெரியாது. இந்தப் புத்தகத்தை மட்டுமாவது அச்சில் வாங்குங்கள். நார்மண்டியைப் பொறுத்தவரை என் ஓட்டு: முதலில் ரயன், ஒரு மாதம் கழித்து பீவர். வரிசையை மாற்றினால் ரயன் கொஞ்சம் சினிமா மாதிரித் தெரிவார்.

பெர்லினில் எனக்குத் தயக்கமே இல்லை, பீவர்தான். அதற்காக ரயனைக் குறைத்துச் சொல்லவில்லை. 'தி லாஸ்ட் பேட்டில்' எழுதப்பட்ட காலத்தை யோசியுங்கள். கெடுபிடிப் போர் உச்சத்தில் இருந்தது, பெர்லின் நடுவே சுவர் எழுந்துவிட்டது. அந்த நேரத்தில், 1963இல், ஜான் எரிக்சன் என்ற வரலாற்றாசிரியரைக் கூட்டிக்கொண்டு மாஸ்கோ போய், கோனெவ், சுய்கோவ் போன்ற சோவியத் தளபதிகளை உட்காரவைத்துப் பேசவைத்தவர் ரயன். பெர்லினில் வீடுவீடாகப் பால் கொண்டுபோகும் பால்காரர் வருகிறார். குண்டு மழைக்கு நடுவே மிருகக்காட்சிசாலையின் அபூர்வப் பறவை ஒன்றைக் காப்பாற்றப் படாதபாடு படும் ஊழியர் வருகிறார். நகரத்தின் கடைசி மூன்று வாரங்களைத் தெருத்தெருவாகப் பார்த்துவிடலாம். இன்னொரு பக்கம், நேச நாட்டுத் தலைமைத் தளபதி ஐசன்ஹோவர் பெர்லினுக்குப் போகாமல் ஏன் எல்பே ஆற்றோடு நின்றார் என்ற கேள்வியை அவர் விடாமல் துரத்துகிறார். அமெரிக்க வாசகர்களுக்கு அப்போது அதுதான் எரியும் கேள்வி.

சோவியத்தின் செஞ்சேனை வீரர்கள் ஜெர்மன் பெண்களுக்குச் செய்ததை ரயன் எழுதாமல் விடவில்லை. அவரிடம் இருந்தது பாதிக்கப்பட்ட சிலரின் சொந்த வாக்குமூலம். சோவியத் பக்கத்துக் காகிதம் கிடையாது. அதைப் பார்க்க சோவியத் யூனியனே கலைய வேண்டியிருந்தது.

அந்தக் காகிதம் 1990களில் பீவருக்குக் கிடைத்தது. மாஸ்கோ அருகே பொடோல்ஸ்க் ராணுவ ஆவணக்காப்பகத்தின் கதவு கொஞ்ச காலம் பாதி திறந்திருந்தது. அந்தச் சந்தில் நுழைந்து அவர் கொண்டுவந்ததுதான் 1998இல் வந்த 'ஸ்டாலின்கிராட்'. பரிசுக்குமேல் பரிசு வாங்கி, ராணுவ வரலாற்றைச் சாதாரண வாசகர்கள் விமான நிலையத்தில் வாங்கும் சரக்காக மாற்றிய புத்தகம். ரயனிடம் அதற்கு ஜோடி கிடையாது, அதனால் இந்த ஒப்பீட்டில் அதைச் சேர்க்கவில்லை. ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். காகிதமும் பொய் சொல்லும், அல்லது நாம் அதைத் தப்பாகப் படிப்போம். ஸ்டாலின்கிராட் சண்டையில் சோவியத் தரப்பு தன் சொந்த வீரர்கள் சுமார் 13,500 பேரைச் சுட்டுக் கொன்றது என்று பீவர் தந்த எண்ணிக்கையை ஜெர்மன் வரலாற்றாசிரியர் யோக்கன் ஹெல்பெக் ஆவணங்களை வைத்தே மறுக்கிறார். பீவரைப் படிப்பவர்கள் இதையும் நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

பெர்லின் புத்தகத்துக்கு வருவோம். ரயனின் கதை ஏப்ரல் மாதத்தைச் சுற்றியே நடக்கிறது. பீவர் 1945 ஜனவரிக்கே, போலந்தின் விஸ்டுலா ஆற்றங்கரையிலிருந்து செஞ்சேனை கிளம்பிய நேரத்துக்கே போய்விடுகிறார். கிழக்குப் பிரஷ்யாவில் பனியில் நடந்து தப்பிக்கும் குடும்பங்கள், பின்னால் வரும் படை, அந்தப் படையைப் பற்றி அதன் சொந்த அதிகாரிகளே மேலிடத்துக்கு அனுப்பிய அறிக்கைகள். படை பெர்லினுக்கு வந்து சேரும்போது அங்கே என்ன நடக்கும் என்று நமக்கு முன்பே தெரிந்துவிடுகிறது. அதுதான் கொடுமை. பெர்லினின் இரண்டு பெரிய மருத்துவமனைகளின் மதிப்பீட்டின்படி, பாலியல் வன்முறைக்கு ஆளான பெண்கள் 95,000 முதல் 1,30,000 பேர். புத்தகம் வந்ததும் லண்டனில் இருந்த ரஷ்யத் தூதர் பொய், அவதூறு என்று கொதித்தார். 2015இல் ரஷ்யாவின் ஒரு மாகாணம் பீவரின் நூல்களைப் பள்ளி நூலகங்களிலிருந்து எடுக்கச் சொன்னது. வேடிக்கை என்னவென்றால், 2018இல் உக்ரைனும் 'ஸ்டாலின்கிராட்' நூலின் ரஷ்ய மொழிபெயர்ப்பை நாட்டுக்குள் வரவிடாமல் தடுத்தது. எதிரெதிர் முகாம்கள் இரண்டையும் கோபப்படுத்தியவர் அவர்.

சோவியத் தளபதிகள் சுக்கோவும் கோனெவும் பெர்லினை யார் முதலில் பிடிப்பது என்று ஓடிய பந்தயம் இருவர் புத்தகத்திலும் இருக்கிறது. ஸ்டாலினுக்கு ஏன் அவ்வளவு அவசரம் என்பதற்கு பீவர் கூடுதலாக ஒரு காரணம் சொல்கிறார். பெர்லினின் டாலெம் பகுதியில் இயற்பியல் ஆய்வு நிலையம் ஒன்று இருந்தது. அமெரிக்கர்கள் வருவதற்குள் அங்கிருக்கும், அணுகுண்டுக்கு வேண்டிய யுரேனியத்தை எடுத்துவிட வேண்டும். ரயன் காலத்தில் இப்படி எழுதத் தேவையான காகிதம் வெளியே வரவில்லை.

நடுவில் ஒருவரைப் பற்றி இரண்டு வார்த்தை. அமெரிக்க வரலாற்றாசிரியர் ஸ்டீபன் ஆம்ப்ரோஸை ஏன் சேர்க்கவில்லை என்று கேட்பீர்கள். அவர் நூலை வைத்து எடுத்த 'பேண்ட் ஆஃப் பிரதர்ஸ்' தொடரைப் பார்த்துவிட்டு இந்தப் பக்கம் வந்தவர்கள்தான் அதிகம். அவரும் ரயன் மாதிரி ஆட்களைக் கேட்டு எழுதியவர்தான். ஆனால் கேட்டதைச் சரிபார்க்கும் பொறுமை குறைவு. அந்த நூலில் ஆல்பர்ட் பிளைத் என்ற வீரர் 1948இல் இறந்ததாக வரும். அந்த மனிதர் 1967வரை இருந்தார், அதுவும் ராணுவத்திலேயே. 2002இல் இன்னொரு புத்தகத்தில் பிறர் வாக்கியங்களை மேற்கோள் குறி இல்லாமல் எடுத்தாண்டது வெளியாகி ஆம்ப்ரோஸ் மன்னிப்புக் கேட்டார். படிக்கச் சுவாரசியமானவர்தான், ஆனால் ஒப்பீட்டில் மூன்றாவது நாற்காலி போட எனக்கு மனம் வரவில்லை.

ஆர்ன்ஹெம். நேச நாடுகள் தோற்ற சண்டை. 1944 செப்டம்பர் 17 அன்று பாராசூட் படைகளை ஹாலந்தில் இறக்கி, வரிசையாகப் பாலங்களைப் பிடித்து, ரைன் நதியைக் கடந்துவிடலாம் என்பது திட்டம். கடைசிப் பாலம் ஆர்ன்ஹெம். கர்னல் ஃப்ராஸ்ட் தலைமையில் எழுநூற்றுச் சொச்சம் பேர் அதன் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு, வராத டேங்குகளுக்காகக் காத்திருந்தார்கள். ஆர்ன்ஹெம் பக்கம் இறங்கிய சுமார் 10,000 பேரில் ஆற்றைத் தாண்டித் திரும்பியவர்கள் இரண்டாயிரத்துச் சொச்சம்.

ரயன் இதை எழுதும்போது புற்றுநோயோடு இருந்தார். 1970இல் நோய் தெரியவந்தது, 1974 செப்டம்பரில் 'எ பிரிட்ஜ் டூ ஃபார்' வெளிவந்தது, நவம்பரில் இறந்தார். நோயைப் பற்றி அவர் ரகசியமாகப் பதிந்து வைத்த ஒலிநாடாக்களை இறந்த பிறகுதான் மனைவி கண்டெடுத்தார். இது தெரிந்து படிப்பதாலோ என்னவோ, மூன்றில் இதுதான் மிகக் கனமான புத்தகம் எனக்கு. வென்றவனைப் பாடுவது பரணி. இந்தப் புத்தகம் பாரி மகளிர் பாடிய 'அற்றைத் திங்கள்' பக்கம் நிற்பது. ஆர்ன்ஹெம் அருகே ஊஸ்டர்பேக்கில் தன் வீட்டையே மருத்துவமனையாக்கிவிட்டு, காயம்பட்டவர்களுக்கு நடுவே நின்று பைபிளின் திருப்பாடல் வாசிக்கும் கேட் டெர் ஹார்ஸ்ட் என்ற டச்சுப் பெண்ணை ஒருமுறை படித்தால் மறக்க முடியாது.

பீவரின் 'ஆர்ன்ஹெம்' கோபமான புத்தகம். திட்டம் தொடக்கத்திலேயே, அதுவும் மேலிடத்திலேயே கோணல் என்பது அவர் தீர்ப்பு. எச்சரித்த போலந்துத் தளபதி சோசபோவ்ஸ்கிமீதே பிற்பாடு பழியைப் போட்டுப் பதவியிலிருந்து இறக்கியதை அவர் மன்னிக்கத் தயாராக இல்லை. சண்டை முடிந்த பிறகும் அவர் கதையை முடிப்பதில்லை. ஊர் காலியாக்கப்பட்டு, வீடுகள் கொள்ளை போய், அந்தக் குளிர்காலத்தில் டச்சு மக்கள் பட்டினியில் செத்ததுவரை போகிறார். அறிவுக்கு பீவர் பக்கம்தான் நியாயம் இருக்கிறது. ஆனாலும் ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் ரயனை வாங்கச் சொல்வேன்.

அதற்கு ஒரு காரணத்தை பீவரின் பின்குறிப்புகளே தருகின்றன. ரயன் திரட்டிய கேள்வித்தாள்கள், பேட்டிகள், கடிதங்கள் எல்லாம் அமெரிக்காவின் ஒஹாயோ பல்கலைக்கழகத்தில் பெட்டி பெட்டியாக இருக்கின்றன. ஆர்ன்ஹெம் புத்தகத்துக்காக பீவர் அந்தப் பெட்டிகளைத் திறந்திருக்கிறார். 2018இல் வந்த புத்தகத்தில் பாராசூட்டில் குதிக்கும் பலர் பேசுவது, ஏறக்குறைய அரை நூற்றாண்டுக்கு முன்னால் ரயன் கேட்டனுப்பிய கேள்விக்கு அவர்கள் சொன்ன பதிலைத்தான்.