வி.பி.என். மாற்றும்போது நெட் நின்றுபோவது ஏன்? நீண்ட நாள் பயன்பாட்டு அனுபவம்

இணையப் போக்குவரத்தை மறையாக்கி வேறொரு சர்வர் வழியாக அனுப்பும் வி.பி.என். செயலி ஒன்றை நீக்கிவிட்டு இன்னொன்றைப் போட்டதும் நெட் நின்றுபோனால், புதிதாகப் போட்டதைத்தான் எல்லோரும் குறை சொல்கிறார்கள். பெரும்பாலும் கோளாறு பழையதுடையது. தன் அடாப்டரையும் (நெட் இணைப்புக்கான மென்பொருள் சாதனம்) டிஎன்எஸ் முகவரியையும் (தளப் பெயரை எண் முகவரியாக மாற்றித் தரும் சர்வரின் முகவரி), சில நேரம் இணையத்தை மறித்த பூட்டையும் அது அப்படியே விட்டுவிட்டுப் போயிருக்கும். விண்டோஸ் 10, 11 இரண்டிலும், கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஃபைபர் இணைப்பிலும், கரண்ட் போன நேரங்களில் போன் ஹாட்ஸ்பாட்டிலும் ஒரு கட்டண வி.பி.என். செயலி, ஓபன்விபிஎன், வயர்கார்டு என்ற இரண்டு இலவச வி.பி.என். மென்பொருள்கள், ஆக மூன்றையும் மாற்றி மாற்றி ஓட்டியதில் தெளிவானவை இவை.

முதலில் கில் ஸ்விட்ச். வி.பி.என். அறுந்தால் நெட்டையும் சேர்த்து நிறுத்தும் வசதி. இருக்க வேண்டிய வசதிதான். ஆனால் பல செயலிகள் இதை விண்டோஸின் ஃபில்டரிங் பிளாட்ஃபார்ம் என்ற அடுக்கில் விதியாக எழுதிவைக்கின்றன. கில் ஸ்விட்ச் ஆனில் இருக்கும்போதே அன்இன்ஸ்டால் செய்தால் செயலி போய்விடும், விதி தங்கிவிடலாம். வைஃபை சின்னம் முழுசாக இருக்கும், ஒரு பக்கமும் திறக்காது. அதே செயலியைத் திரும்பப் போட்டு, கில் ஸ்விட்சை அணைத்து, கணினியை ரீஸ்டார்ட் செய்து, அதன் பிறகு நீக்குவதுதான் சுருக்கமான வழி. நெட் இல்லாத கணினியில் செயலியை எப்படி இறக்குவது என்ற சிக்கல் அப்போதுதான் வரும். அதனால் பழைய செயலியின் இன்ஸ்டாலர் கோப்பை ஒரு பென்டிரைவில் எடுத்துவைத்த பிறகே நீக்கும் வேலையைத் தொடங்குங்கள்.

நீக்கியாயிற்று என்றால் டிவைஸ் மேனேஜரைத் திறந்து, வியூ மெனுவில் மறைந்திருக்கும் சாதனங்களைக் காட்டச் சொல்லுங்கள். நெட்வொர்க் அடாப்டர் வரிசையில் டாப் (TAP), வின்டன் (Wintun) என்ற பெயர்களில் மங்கலாகத் தெரிபவை பழைய செயலி விட்டுப்போனவை. அவற்றை நீக்கலாம். வான் மினிபோர்ட் (WAN Miniport) என்று தொடங்குபவை விண்டோஸின் சொந்தச் சரக்கு, அவற்றில் கை வைக்காதீர்கள். பிறகு வைஃபை அடாப்டரின் ஐபிவி4 அமைப்பில் டிஎன்எஸ் கட்டத்தைப் பாருங்கள். 127.0.0.1 என்றோ, 10-இல் தொடங்கும் எண் என்றோ நீங்கள் போடாத ஒன்று இருந்தால் தானாகப் பெறும் நிலைக்கு மாற்றுங்கள். செட்டிங்ஸில் ப்ராக்ஸி (நெட்டை இடையில் ஒரு சர்வர் வழியாகத் திருப்பும் அமைப்பு) ஆனில் இருக்கிறதா என்பதையும் ஒரு கண் பார்த்துவிடுங்கள்.

எடுத்த எடுப்பில் விண்டோஸின் நெட்வொர்க் ரீசெட் (எல்லா நெட் அமைப்பையும் அழித்துப் புதிதாக்கும் பொத்தான்) அடிக்கச் சொல்பவர்கள் உண்டு. வீட்டுக் கணினிக்குப் பரவாயில்லை. கடை பில்லிங் கணினியில் நிலையான ஐபி போட்டிருந்தால் அதுவும் அழிந்துபோகும், கடைசியில் பிரின்டரும் பேசாது. இருக்கும் எண்களை ஒரு தாளில் எழுதிக்கொள்ளாமல் அந்தப் பொத்தானை அழுத்த வேண்டாம்.

'கனெக்டட்' என்று காட்டுகிறது, பக்கம் திறக்கவில்லை என்றால், கமாண்ட் பிராம்ப்ட்டில் ping 1.1.1.1 என்று கொடுத்து, அந்தப் பொது டிஎன்எஸ் சர்வர் பதில் தருகிறதா என்று பாருங்கள். பதில் வந்தும் தளங்கள் பெயரால் திறக்கவில்லை என்றால் டிஎன்எஸ் கோளாறு. பதிலே வரவில்லை என்றால் ரூட் (பாக்கெட் போகும் வழி) அல்லது கில் ஸ்விட்ச் கோளாறு. சின்னப் பக்கங்கள் திறந்து, படம் நிறைந்த பக்கங்களும் கோப்பு அனுப்புவதும் பாதியில் நின்றால் எம்டியு, அதாவது ஒரே பாக்கெட்டில் (டேட்டாத் துண்டில்) போகக்கூடிய அதிகபட்ச பைட் அளவு, ஒத்துவரவில்லை.

இந்த எம்டியு பலரை வாரக்கணக்கில் அலைக்கழிக்கும், கண்டுபிடித்துவிட்டால் ஐந்து நிமிட வேலை. வி.பி.என்.-ஐ அணைத்துவிட்டு, 'ping 1.1.1.1 -f -l 1472' கொடுங்கள். பதில் வந்தால் உங்கள் பாதை 1500 தாங்குகிறது (1472-உடன் தலைப்புக்கான 28). பாக்கெட்டை உடைக்க வேண்டும் என்று செய்தி வந்தால் 1464-க்கு இறக்குங்கள். ஃபைபரில் பிபிபிஓஇ லாகின் (யூசர்நேம், பாஸ்வேர்டு போட்டு இணையும் முறை) இருந்தால் பெரும்பாலும் அங்கே பதில் வரும், அதாவது 1492. வயர்கார்டு அதிகபட்சம் 80 பைட் தனக்கு எடுத்துக்கொள்கிறது. 1500-க்கு 1420 சரி, 1492-க்கு 1412 வேண்டும். கான்ஃபிக் கோப்பில் இன்டர்ஃபேஸ் பகுதியில் MTU = 1412 என்று ஒரு வரி சேர்த்தால் போதும். ஹாட்ஸ்பாட்டிலும் தகராறு செய்தால் 1280 போட்டுப் பாருங்கள். வேகம் கொஞ்சம் குறையும், இணைப்பு அறுபடாமல் இருக்கும்.

ஹாட்ஸ்பாட்டில் இன்னொன்று. மொபைல் நெட்வொர்க் ஐபிவி6 (புதிய, நீளமான வகை ஐபி முகவரி) கொடுக்கும். டனல் (வி.பி.என்.-இன் மறையாக்கப்பட்ட பாதை) பழைய வகையான ஐபிவி4-ஐ மட்டும் சுமந்தால் மீதிப் போக்குவரத்து வெளியே நேராகப் போய்க்கொண்டிருக்கும், திரையில் ஒரு எச்சரிக்கையும் வராது. வயர்கார்டு கான்ஃபிக்கின் அலவ்ட் ஐபிஸ் (AllowedIPs) வரியில் 0.0.0.0/0-உடன் (எல்லா ஐபிவி4 முகவரிகளும்) ::/0-வும் (எல்லா ஐபிவி6 முகவரிகளும்) இருக்க வேண்டும்.

மழைக்காலத்தில் கரண்ட் போய்ப் போய் வரும் ஊரில் வயர்கார்டின் அருமை தெரியும். ஃபைபரிலிருந்து போனுக்கு மாறினாலும் டனல் பெரும்பாலும் தானே பிடித்துக்கொள்ளும். ஓபன்விபிஎன் சர்வரில் கீப்அலைவ் அமைப்பு 10, 60 (10 விநாடிக்கு ஒரு பிங், 60 விநாடி பதில் இல்லாவிட்டால் மறு இணைப்பு) என்று இருந்தால் இணைப்பு செத்ததை அது உணரவே ஒரு நிமிடம் ஆகலாம். ஆனால் வயர்கார்டு யூடிபி என்ற அனுப்பும் முறையில் மட்டுமே ஓடும். புதுச்சேரியில் சில விடுதி, கல்லூரி வைஃபைகளில் யூடிபியை அடைத்து வைத்திருப்பார்கள். அங்கே ஓபன்விபிஎன்-ஐ டிசிபி 443-இல் (சாதாரண https தளங்கள் பயன்படுத்தும் வழி) ஓட்டுவதுதான் கைகொடுக்கும். ஆகவே இரண்டையும் வைத்துக்கொள்ளலாம், ஒரே நேரத்தில் இரண்டையும் ஓட்டக் கூடாது.

பழைய .ovpn அமைப்புக் கோப்பை ஓபன்விபிஎன் 2.6-இல் போட்டு, சைஃபர் (மறையாக்க முறை) ஒத்துவரவில்லை என்று லாக்கில் வந்தால், டேட்டா-சைஃபர்ஸ் (data-ciphers) வரியில் ஏஇஎஸ்-256-ஜிசிஎம்-உடன் (AES-256-GCM) ஏஇஎஸ்-256-சிபிசி-யையும் (AES-256-CBC) சேருங்கள். சர்வரைப் புதுப்பிக்கும்வரை அது தாங்கும்.

பழைய டெஸ்க்டாப்பில் வரும் ஒரு கோளாறை யாரும் வி.பி.என்.-உடன் சேர்த்துப் பார்ப்பதில்லை. மதர்போர்டில் இருக்கும் சிஆர்2032 பட்டன் பேட்டரி தீர்ந்துபோயிருக்கும். கரண்ட் போய் வந்ததும் கடிகாரம் பல ஆண்டு பின்னால் போய் நிற்கும். ஓபன்விபிஎன், சான்றிதழ் இன்னும் செல்லுபடியாகவில்லை என்று மறுக்கும். வயர்கார்டின் ஒவ்வொரு ஹேண்ட்ஷேக்கிலும் (இணைப்பைத் தொடங்கும் செய்தி) நேரமுத்திரை உண்டு, முன்பு பார்த்ததைவிடப் பழைய நேரம் வந்தால் சர்வர் பதிலே தராது. கில் ஸ்விட்சும் ஆனில் இருந்தால் விண்டோஸ் நேரத்தைச் சரிசெய்ய வெளியே போகவும் முடியாது. தேதியைக் கையால் திருத்தினால் உடனே இணையும். பேட்டரி மலிவுதான், மாற்றிவிடுங்கள்.

வயர்கார்டின் கில் ஸ்விட்சைப் போட்டால் வீட்டு வைஃபை பிரின்டரும் அடைபடும். அந்த டிக்கை எடுத்தால் 0.0.0.0/0 என்பது 0.0.0.0/1, 128.0.0.0/1 என இரண்டாக மாறும், பிரின்டர் திரும்பி வரும், ஆனால் பூட்டு இருக்காது.

செயலியில் 'இந்தியா' சர்வரைத் தேர்ந்தெடுப்பவர்கள் ஒன்று கவனிக்கவும். வாடிக்கையாளர் விவரங்களை 5 ஆண்டு வைத்திருக்க வேண்டும் என்று செர்ட்-இன் (இந்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பு) 2022 ஏப்ரலில் உத்தரவிட்ட பிறகு, சில வெளிநாட்டு நிறுவனங்கள் இங்கிருந்த சர்வர்களை எடுத்துவிட்டு, வெளிநாட்டிலிருந்தே இந்திய ஐபி கொடுக்கின்றன. பணம் கட்டும் முன் சோதனைக் காலத்திலேயே பிங் பாருங்கள். கடலூரிலிருந்து சென்னைக்கு 20 மில்லி செகண்டுக்குள் பதில் வருவது இயல்பு. 'சென்னை' என்று எழுதியிருந்தும் அதைப்போல் மூன்று மடங்கு காட்டினால் பாக்கெட் கடல் தாண்டிப் போய் வருகிறதா என்று சந்தேகப்படலாம்.