வோலெண்டாம்ல அஞ்சு மணி நேரம்: கரையிலேயே சுத்தறதா, மார்க்கன் போறதா, எடாம் போறதா?

ஆம்ஸ்டர்டாம்ல கிளம்பற ரிவர் க்ரூஸ்ல வோலெண்டாம்ங்கற நெதர்லாந்து மீனவ ஊர் ஸ்டாப் வந்தா, கூட வர்றவங்கள்ல முக்காவாசி பேர் ஒரு பிளானும் இல்லாம இறங்கி, துறைமுகத்த ஒட்டி இருக்கற கடைத்தெருல மேலயும் கீழயும் ரெண்டு நட நடந்து, ஒரு ஃபிரிட்ஜ் மேக்னட் வாங்கிட்டு, "அவ்ளோதான் போல"ன்னு திரும்ப ஏறிடறாங்க. நாங்களும் அப்படித்தான் ஆகியிருப்போம். அத்தை கேட்ட ஒரே ஒரு கேள்வியாலதான் தப்பிச்சோம், அத அப்புறம் சொல்றேன்.

நாங்க போனது ஏப்ரல்ல, டூலிப் சீசன். நான், வீட்டுக்காரர், அத்தை மூணு பேர். அத்தைக்கு எழுபது வயசு, சுத்த சைவம், முழங்கால் வலி இருக்கு ஆனா ஒத்துக்க மாட்டாங்க. கப்பல் காலைல ஒன்பதரைக்கு கட்டினாங்க, மூணு மணிக்கு கிளம்புது, ரெண்டரைக்குள்ள உள்ள இருக்கணும். ஆக கையில சுளையா அஞ்சு மணி நேரம். இதுக்குள்ள நாலு வழி இருக்கு: வோலெண்டாம் ஊருக்குள்ளயே இருக்கறது, போட்ல ஏரிய கடந்து மார்க்கன் போறது, மூணு கிலோமீட்டர் உள்ள இருக்கற எடாம் போறது, இல்ல கப்பல்காரங்களே கூட்டிட்டு போற பஸ் டூர்.

அத்தை டெக்ல நின்னு பாத்துட்டு கேட்டது இதுதான்: "ஏரின்னு சொன்னியேம்மா, அக்கரையே காணுமே? ஏரில எதுக்கு இத்தன பெரிய மீன்பிடி போட்டு?"

நியாயமான கேள்வி. இது முன்னாடி ஏரியே இல்ல, கடல்தான். ஸாய்டர்ஸேன்னு உள்நாட்டுக்குள்ள நீட்டிக்கிட்டு வந்த உப்புக் கடல். 1916ல பெரிய வெள்ளம் வந்து சுத்தி இருக்கற ஊரெல்லாம் மூழ்கினதுக்கு அப்புறம், கார்னெலிஸ் லேலிங்கற இன்ஜினியர் ரொம்ப வருஷமா கையில வெச்சிருந்த திட்டத்துக்கு உயிர் வந்து, 32 கிலோமீட்டர் நீளத்துக்கு குறுக்க ஒரு அணைய கட்டி 1932ல கடல் வாசல மூடிட்டாங்க. உப்புத் தண்ணி கொஞ்சம் கொஞ்சமா நல்ல தண்ணி ஆச்சு, ஹெர்ரிங்கும் நெத்திலியும் போச்சு, நல்ல தண்ணியிலயும் வாழற விலாங்கு மாதிரி மீன்தான் மிஞ்சுச்சு. 70கள்ல நடுவுல இன்னொரு கரைய போட்டு ரெண்டா பிரிச்சதுல வோலெண்டாம் பக்கம் இருக்கறது மார்க்கர்மேர்ங்கற ஏரி. ஆழமும் பெருசா இல்ல, சராசரியா மூணு நாலு மீட்டர்தான். ஒரு ஊரோட கடல அந்த ஊர்க்காரங்க கண்ணு முன்னாடியே எடுத்துட்டாங்கன்னா அந்த ஊர் என்ன ஆகும், அதத்தான் இங்க பாக்கப் போறோம். இத மனசுல வெச்சுக்கிட்டு பாத்தா நாலு வழில எது தேறும் எது தேறாதுன்னு தானா புரிஞ்சிடும்.

முதல்ல வோலெண்டாம். முன்வரிசை பூரா கடை. டைக், அதாவது தண்ணிய தடுக்கற கரை, அது மேல வரிசையா ஓட்டல், சீஸ் கடை, மரச்செருப்பு கடை, அப்புறம் பாரம்பரிய உடுப்ப மாட்டி ஃபோட்டோ எடுக்கற ஸ்டூடியோ. கூம்பு மாதிரி நிக்கற வெள்ளை லேஸ் தொப்பி இருக்கில்ல, டச்சு பொண்ணுன்னாலே எல்லா பொம்மைலயும் வருமே, அது இந்த ஊர் தொப்பிதான், பேரு ஹுல். வீட்டுக்காரர் அத்தைக்கு அத மாட்டி ஒரு ஃபோட்டோ எடுக்கணும்னு ஒத்தக்கால்ல நின்னாரு, ரெண்டு பஸ் கும்பலுக்கு பின்னாடி லைன்ல நின்னு முக்கால் மணி நேரம் அப்படியே கரைஞ்சு போச்சு. அந்த ஃபோட்டோ இப்ப ஹால்ல தொங்குது, அத்தைக்கு பெருமை தாங்கல, அதனால நான் வாய தொறக்கறதில்ல. ஆனா உங்களுக்கு சொல்றேன், அது வேணும்னா காலைல இறங்கின உடனே போங்க, பதினோரு மணிக்கு மேல பஸ்ஸெல்லாம் வந்து சேந்தா முடிஞ்சுது கதை.

நிஜமான ஊர் இருக்கறது டைக்குக்கு பின்னாடி. எந்தக் கடை சந்துல வேணா நுழைங்க, படி கீழ இறங்கும். அந்தப் பக்கம் ஒரு ஆள் மட்டும் போற மாதிரி சந்து சந்தா சின்னச் சின்ன வீடு, நடுவுல குட்டி குட்டி வாய்க்கால் பாலம். இந்த ஏரியாவுக்கு அவங்க வெச்சிருக்கற பேரே டூல்ஹாஃப், வழி தெரியாம சுத்த விடற இடம்னு அர்த்தம். ஒரு வீட்டு ஜன்னல் விளிம்புல பீங்கான் நாய் ரெண்டு வெளிய பாத்து உக்காந்திருந்துச்சு, அதுக்கு நேரா திரும்பிப் பாத்தா டைக் சுவர் நம்ம தலைக்கு மேல. அப்பதான் உறைச்சுது, அந்த சுவருக்கு அந்தப் பக்கம் ஏரித் தண்ணி இந்த வீட்டு சமையல்கட்டு தரைய விட மேல நிக்குது. அந்த சந்துல டூரிஸ்ட்டுன்னு எங்களத் தவிர யாரும் இல்ல, கடைத்தெரு அங்கருந்து ஐம்பது அடி தூரம்தான்.

துறைமுகத்துல கட்டி இருக்கற போட் மேல VDன்னு எழுத்து போட்டு நம்பர் இருந்தா வோலெண்டாம் போட், MKன்னா மார்க்கன். பழைய மர போட் கொஞ்சம் இன்னும் நிக்குது, ஆனா சவாரிக்கு. ஊர்ல மீன்பிடி தெரிஞ்ச பல பேர் கடல் ஏரியானதும் வட கடலுக்கு போயிட்டாங்க. அதனால ஸ்டால்ல விக்கற கிபெலிங், அதாவது மாவுல முக்கிப் பொரிச்ச காட் மீன் துண்டு, அப்புறம் வெங்காயத்தோட தர்ற பச்ச ஹெர்ரிங், ரெண்டுமே கடல் மீன். ஏரிக்கரைல நின்னு கடல் மீன் சாப்பிட்டுட்டு "ஃப்ரெஷ்ஷா இந்த ஏரில புடிச்சது"ன்னு ஸ்டேட்டஸ் போடறவங்கள பாத்தா சிரிப்புதான் வருது.

இந்த ஊருக்குன்னு இருக்கறது புகை போட்ட விலாங்கு. வீட்டுக்காரர் ஒண்ணே ஒண்ணு கேட்டாரு, கடைக்காரர் வெண்கல கலர்ல மினுக்கற ஒண்ண எடுத்து தராசுல போட்டாரு. எடைக்குத்தான் விலை, ஒண்ணுக்கு இல்ல, நாங்க அத கேக்கல, பில்ல பாத்ததும் அவரு மூஞ்சி போன போக்க பாக்கணுமே. கடைக்காரர் தலைய ஒடிச்சு, தோல சாக்ஸ் கழட்டற மாதிரி ஒரே இழுப்புல உருவி கொடுத்தாரு, நடு முள்ளுக்கு ரெண்டு பக்கமும் சதைய வழிச்சு சாப்பிடணும், விரலெல்லாம் எண்ணெய். டேஸ்ட் சூப்பர்னாரு. ஆனா ஐரோப்பிய விலாங்கு இப்ப அழியற நிலைல இருக்கற லிஸ்ட்ல இருக்கு. பண்ணைல வளக்கறதுன்னு சொன்னாலும், குஞ்ச கடல்லருந்து புடிச்சுட்டு வந்துதான் வளக்கறாங்க, முட்டைல இருந்து பண்ணையிலேயே வியாபார அளவுல இனப்பெருக்கம் பண்ண இன்னும் முடியல. ருசி பாக்க ஒரு தடவ போதும்.

மழைன்னா வோலெண்டாம் மியூசியம் இருக்கு. அங்க சுருட்டு மேல சுத்தி வர்ற காகித வளையத்த சேத்து சேத்து ஒட்டி, கிட்டத்தட்ட ஒரு கோடிப் பத்து லட்சம் வளையத்துல சுவர் பூரா படம் பண்ணி வெச்சிருக்காங்க. எதுக்குன்னு கேக்காதீங்க. 1881ல ஆரம்பிச்ச ஸ்பாண்டர் ஓட்டல்ல ஒரு காப்பி குடிச்சாலும் சுவர் நிறைய பெயின்டிங் பாக்கலாம், அந்தக் காலத்துல இங்க தங்கின ஓவியர்கள் விட்டுட்டுப் போனது.

இப்ப மார்க்கன். என் ஓட்டு இதுக்குத்தான். துறைமுகத்துலயே போட் கிளம்புது, அரை மணி நேரம், ஏரி நடுவுல போகும்போது ரெண்டு பக்கமும் கரை ஒரு கோடு மாதிரி ஆயிடும். மார்க்கன் 1957 வரைக்கும் தனித் தீவு, அப்புறம்தான் ரோடு போட்ட கரைய கட்டி நிலத்தோட சேத்தாங்க. அதனால வீடெல்லாம் வேற ரகம்: மண்ணக் கொட்டி மேடாக்கி அது மேல கூட்டமா கட்டினது, மேட்டுல இடம் பத்தாதப்ப கட்டை கால் நட்டு அதுக்கு மேல கட்டினது. தண்ணி வந்தா அடில ஓடிட்டு போகட்டும்னு விட்டு வெச்ச இடம், இப்ப அடைச்சு ரூம் ஆக்கிட்டாங்க. பச்சையும் கறுப்புமா மர வீடு, வெள்ளை பார்டர். கார எல்லாம் ஊர் வாசல்லயே நிறுத்திட்டு நடந்துதான் உள்ள வரணும், அதனால ஊருக்குள்ள கேக்கற சத்தம் வாத்தும் காத்தும்தான். வோலெண்டாம் கத்தோலிக்க ஊர், மார்க்கன் புராட்டஸ்டன்ட், எதிரெதிரா பாத்துக்கிட்டே உடுப்புலருந்து பேச்சு வரைக்கும் வேறயா இருந்திருக்காங்க. அஞ்சு மணி நேரத்துல ரெண்டையும் பாத்தாதான் இந்த வித்தியாசம் உறைக்கும், ஒண்ண மட்டும் பாத்தா "டச்சு கிராமம்"னு ஒரே மூட்டைல கட்டி போட்டுடுவோம்.

சின்ன மியூசியம் ஒண்ணு இருக்கு, பழைய மீனவர் வீடுகள சேத்து பண்ணினது, புகைபோக்கியே இல்லாம கூரை ஓட்டை வழியா புகை போன வீடு, ஒரே ரூம்ல மொத்த குடும்பமும். அத்தை அங்க சுவருக்குள்ள இருக்கற பெட்டி மாதிரி கட்டில பாத்துட்டு ரொம்ப நேரம் நகரல.

ஆனா லைட்ஹவுஸ் ஆசை மட்டும் வேண்டாம். 1839ல கட்டினது, மார்க்கன் குதிரைன்னு பேரு, ஃபோட்டோல அள்ளும். துறைமுகத்துலருந்து ஒரு வழிக்கே அரை மணிக்கு மேல நடை, எதிர்க்காத்துல இன்னும் கூட. போட்டுக்கு காத்திருக்கறது, போக வர ஒரு மணி, ஊர் சுத்த ஒண்ணரை மணின்னு போட்டாலே மூணரை மணி ஆயிடும், இதுல லைட்ஹவுஸும் சேத்தா கப்பல கரையில நின்னு வழியனுப்ப வேண்டியதுதான். அப்புறம் குளிர் மாசத்துல போறீங்கன்னா இந்த போட் ஓடுதான்னு முன்னாடியே பாத்துக்கோங்க. காத்து பலமா இருந்தா திரும்பற போட் இருக்கான்னு டிக்கெட் எடுக்கும்போதே கேளுங்க. தவற விட்டா ரோட்டு வழில மார்க்கன்லருந்து பஸ் புடிச்சு மொன்னிக்கெண்டாம்ல மாறி வரணும், ஒரு மணி நேரம் வயித்துல புளிதான்.

எடாம் நாங்க அன்னைக்கு போகல, க்ரூஸ் முடிஞ்சு ஆம்ஸ்டர்டாம்ல தங்கினப்ப 316 பஸ்ஸுல போனோம். பஸ்ல காசு வாங்க மாட்டாங்க, கார்டத்தான் தட்டணும், இறங்கும்போதும் தட்டணும், அத்தை இறங்கறப்ப மறந்துட்டாங்க, அதுக்கு கார்டுலருந்து கூடுதலா காசு புடிச்சிட்டான். ஊர் அழகு, அமைதி, வாய்க்கால், தூக்கு பாலம், 1778ல கட்டின சீஸ் எடை போடற கூடம். மியூசியம் வீட்டு நிலவறை மிதக்குது, நிலத்தடித் தண்ணி ஏறினா அதுவும் ஏறும், அது மட்டும் கட்டாயம் பாக்கணும். ஆனா சீஸ் மார்க்கெட் பாக்கலாம்னு ஏப்ரல்ல போனா ஏமாந்துருவீங்க, ஜூலை ஆகஸ்ட்ல புதன்கிழமை காலைல மட்டும்தான். வேடிக்கை என்னன்னா வோலெண்டாமே எடாமோட கழிச்சுப் போட்ட துறைமுகம். 1357ல எடாம்காரங்க கடலுக்கு குறுக்கு வழியா புது வாய்க்கால் வெட்டிக்கிட்டாங்க, பழைய துறைமுகத்த மண்ணு கொட்டி அடைச்சாங்க, அந்த அடைச்ச அணைதான் வோலெண்டாம். இப்ப கூட்டம் பூரா கழிச்சுப் போட்ட பக்கம்.

சைவக்காரங்களுக்கு ஒண்ணு: ரெண்டு ஊர்லயும் சீஸ் சாம்பிள் கையில திணிப்பாங்க. பாரம்பரிய டச்சு சீஸ்ல கன்னுக்குட்டி வயித்துலருந்து எடுக்கற பொருள போட்டுத்தான் பால திரிய வெக்கறாங்க. சைவ முறைல திரிய வெச்சதும் கிடைக்கும், கேட்டு வாங்குங்க. அத்தைக்கு நாங்க இத சொன்னது மூணாவது துண்டு உள்ள போனதுக்கு அப்புறம்.

கப்பல்காரங்க பஸ் டூரா, காத்தாலை ஊரு ஒண்ணுக்கு கூட்டிட்டு போவாங்க. நடக்க முடியாதவங்களுக்கு சரி, லேட் ஆனாலும் கப்பல் விட்டுட்டு போகாதுங்கற நிம்மதி இருக்கு. ஆனா பாதி நேரம் பஸ்ஸுலயே போயிடும், அந்த காத்தாலைகள ஆம்ஸ்டர்டாம்லருந்து எப்ப வேணா பாத்துக்கலாம்.

உங்க கப்பல் நிக்கறது மூணு மணி நேரம்னா மார்க்கன மறந்துடுங்க, டைக்குக்கு பின்னாடி சந்துல சுத்துங்க. ஜூலை ஆகஸ்ட்ல புதன்கிழமை வந்து நின்னா மட்டும் எடாம். நாலரைக்கு மேல கிடைச்சா இறங்கின உடனே நேரா போட் கவுண்டர், ஃபோட்டோ, மேக்னட், விலாங்கு எல்லாம் திரும்பி வந்து. நாங்க முக்கால் மணி ஃபோட்டோவுக்கு கொடுத்ததுக்கு, மார்க்கன்ல அத்தைய அந்த பெட்டிக் கட்டில்கிட்டருந்து கைய புடிச்சு இழுத்துட்டு ஓட வேண்டியதாச்சு, ரெண்டு இருபதுக்கு கப்பல் படி ஏறினோம். வீட்டுக்காரர் கையில விலாங்கு வாசனை அடுத்த நாள் டிஃபன் வரைக்கும் போகல.