எக்ஸாஸ்ட் முனை: 304 எவர்சில்வரா, கார்பன் ஃபைபரா?

காரின் புகைக்குழாய் நுனியில் மாட்டும் இந்த முனையை மாற்றினால் சத்தம் பெரிதாக மாறாது. அது சைலன்சரின் வேலை. வித்தியாசம் வெயிலில்தான் தெரியும். வீவக (சிங்கப்பூர் வீடமைப்பு வளர்ச்சிக் கழக) திறந்தவெளி கார் நிறுத்துமிடத்தில் நிற்கும் வண்டியில் கார்பன் ஃபைபரின் மேற்பூச்சு புறஊதாக் கதிர் பட்டு மஞ்சளாகும். இழைகளைப் பிணைக்கும் பிசினும் கடும் சூடு தாங்காது. உள்ளே எஃகுக் குழாய் இல்லாததைத் தொடவே வேண்டாம். எடை குறைவுதான், ஆனால் ஓட்டத்தில் தெரியாது.

சுமார் 18% குரோமியம் உள்ள 304 ரக எவர்சில்வரில் கரி படியும், சூட்டில் நிறம் மாறும். மெட்டல் பாலிஷ் போதும். எங்கள் ஓட்டு இதற்கே.

எதுவானாலும் குழாயின் வெளிவிட்டத்தை காலிப்பரால் அளந்து, 1 முதல் 2 மி.மீ. பெரிய வாய் உள்ள முனையை வாங்குங்கள். ரப்பர் தாங்கிகளில் எக்ஸாஸ்ட் ஆடும். பம்பரிலிருந்து 15 மி.மீ.யாவது தள்ளி இல்லாவிட்டால் பிளாஸ்டிக் உருகக்கூடும். முதல் ஓட்டம் முடிந்து ஆறியதும் முனையை இறுக்கிப் பிடிக்கும் கிளாம்ப் போல்ட்டை மறுபடி முறுக்குங்கள்.